ஏழு சீட்டு வண்டி வாங்கின பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, புது வண்டி எடுத்துட்டியாமே! நம்ம தெரு முக்குல திரும்பறதுக்கே மூணு தடவை ரிவர்ஸ் போட்டியாம், டீக்கடைல அதான் பேச்சு. ஏழு பேர் உக்காரலாமாம். உக்காரப் போறது நீயும் உன் பொண்டாட்டியும். காலி சீட்டு அஞ்சுக்கும் சேர்த்துத் தவணை கட்டு. பேங்க்காரனும் பொழைக்கணுமில்ல.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்டா. நீ தினம் போறது கம்பெனி பஸ்ல. அங்க போய்ச் செய்யறது பேட்டரி ஸ்கூட்டர். ஓசூர்ல டிவிஎஸ், ஏத்தர், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. ஊர் ஊரா நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து பேட்டரி வண்டி ஓடுது. செஞ்சு குடுத்த மவராசன் டீசல் ஊத்திக்கிட்டு ஊட்டிக்குக் கெளம்பறான். அல்வா கிண்டறவன் அல்வா தின்ன மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க!

போ சாமி, தாராளமா போ. இ-பாஸ் மட்டும் மறந்துடாதே. ஐகோர்ட்டு சொல்லி 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேணும். மறு வருசம் கோடையில எண்ணிக்கையே வச்சுட்டாங்க: ஊட்டிக்குச் சாதா நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8,000. கவர்மெண்ட் பஸ்ல போறவனுக்குப் பாஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. செக்போஸ்ட்ல வரிசைல நிக்கற சொகம் பாவம் அவனுக்கு எங்க தெரியப் போவுது!

இறங்கும்போது சின்ன கியர்ல இறங்குன்னு போர்டு வச்சிருப்பான். நீ எங்க கேப்பே? நியூட்ரல்ல விட்டு டீசலை மிச்சம் புடிக்கறதா நெனைச்சுக்குவே. நாலு வளைவு தாண்டறதுக்குள்ள பிரேக்கு காஞ்சு கருகின வாடை அடிக்கும். உன் பொண்டாட்டி மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்னங்க வாசனை இது?"ன்னு கேப்பா. தைல மரம்னு சொல்லிச் சமாளி. பேட்டரி வண்டியா இருந்தா இறக்கத்துல மோட்டாரே புடிச்சு நிறுத்தி, அந்த வேகத்தைக் கரண்டாக்கி மறுபடி பேட்டரிக்கே அனுப்பிடும். இதை நான் உனக்குச் சொல்லணுமா? சம்பளம் வாங்கறவன் நீ.

வெள்ளைக்காரன் பண்ணின அக்கிரமம் ஆயிரம் இருக்கு. ஆனா இதே மலையில ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வச்ச இரும்பைப் போட்டு, 1899ல குன்னூருக்கு ரயிலை ஏத்தினான், 1908ல ஊட்டி வரைக்கும் கொண்டு போயிட்டான். அது இன்னைக்கும் ஏறுது. கிருஷ்ணகிரிக்கும் 1905ல திருப்பத்தூர்ல இருந்து சின்ன ரயில் விட்டான்டா. ரெண்டாம் உலகச் சண்டை நேரத்துல அதை மூடினதுதான், மாவட்டத் தலைநகருக்கு இன்னும் ரயில் வரல்ல. பரவால்ல, உன்கிட்டதான் ஏழு சீட்டு இருக்கே.

மலைன்னா ஊட்டி மட்டும்தானாடா? பக்கத்துல பென்னாகரம் தாண்டி கோட்டூர் மலை இருக்கு. 2021 தேர்தலுக்கு அங்க ஓட்டு மெஷின் கழுதை முதுகுல ஏறிப் போச்சு, பேப்பர்லகூடப் போட்டான். கழுதை புகை விடாது, ஹாரன் அடிக்காது, தவணை கேக்காது. சுற்றுச்சூழலுக்கு ரொம்ப நல்லதுன்னு யாராச்சும் விருது குடுத்தாலும் குடுப்பான். மேல குடியிருக்கறவங்க கேட்டது விருதில்ல, ரோடு. பிரசவ வலி வந்த பொம்பளையைத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு இறங்கின சனத்துக்கு அப்போ ஒத்தை மினி பஸ் இல்ல. வாரக் கடைசி ராசாக்களுக்குன்னா மட்டும் வளைவுக்கு வளைவு தார் வழியுது. அது ஞாயமில்லடா, அதை மட்டும் சிரிச்சுக்கிட்டுச் சொல்ல எனக்கு வராது.

சரி, கோவிச்சுக்காதே. வண்டியை வாசல்ல நிறுத்திக் கவர் போட்டு வை, பாக்கறவன் வயிறு எரியட்டும். ஓசூர்ல ரயிலேறிக் கோயமுத்தூர் போ, அங்கிருந்து மேட்டுப்பாளையம். காலைல 7.10க்கு மலை ரயில். டிக்கெட் சீக்கிரம் தீந்துடும், முன்னாடியே போட்டுடு. போடும்போது தாத்தாவுக்கும் ஒண்ணு சேத்துப் போடு, ஜன்னலோரமா.