மஜித் மஜிதியும் சப்பாத்து வவுச்சரும்

சினிமாவில் வரும் ஆசிரியர்கள் யாரும் பாடக்குறிப்பு எழுதுவதில்லை. கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து நான் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே உண்மை இதுதான். 1967 இல் வந்த 'டு சேர், வித் லவ்' படத்தில் சிட்னி பொய்ட்டியர் கிழக்கு லண்டன் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர என்ன பாடு படுகிறார்! ஆனால் தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு, தர உள்ளீடு என்று அடிமட்டம் வைத்துக் கோடு கீறி ஓரிடத்திலாவது எழுதுகிறாரா? இல்லை. ஒரு கட்டத்தில் பாடப் புத்தகங்களை அள்ளிக் குப்பைக்கூடைக்குள் போட்டும்விடுகிறார். 1989 இல் வந்த 'டெட் பொயட்ஸ் சொசைட்டி'யில் ரொபின் வில்லியம்ஸ் அதற்கும் மேலே போய், கவிதையை அளந்து பார்க்கச் சொல்லும் பக்கங்களைக் கிழித்தெறியும்படி பிள்ளைகளிடமே சொல்கிறார்.

கல்லூரியில் படம் போட்டுக் காட்டியபோது அந்தக் காட்சியில் எங்கள் விரிவுரையாளருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக. நம் நாட்டில் 1980 இலிருந்து பாடநூல் இலவசம். இலவசம் என்றால் சும்மா இல்லை. இந்த வருடம் நம்மிடம் இருக்கும் புத்தகம் அடுத்த வருடம் இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகவேண்டியிருக்கும். பக்கம் குறைந்தால் பாடநூலுக்குப் பொறுப்பான ரீச்சர் கேட்பா. அவ கேட்கும் விதத்தில், மேசைக்கு மேலே நிற்கும் ரொபின் வில்லியம்ஸ் தானாகவே இறங்கி, பசை வாங்கக் கடைக்குப் போயிருப்பார்.

எந்தப் படம் போட்டாலும் முடிவில் ஒரே கேள்விதான்: இப்படத்திலிருந்து உமது ஆசிரிய வாண்மைக்கு நீர் பெற்றுக்கொண்டவை யாவை? எந்தப் படத்துக்கும் ஒரே விடையும் சரிவரும்: பிள்ளையை மையப்படுத்திய கற்றல். என் அறைத்தோழி இந்த விடையைப் படம் தொடங்க முன்பே எழுதி முடித்துவிட்டு நித்திரைக்குப் போய்விடுவாள். எனக்குக் கிடைத்ததைவிட அவளுக்கு எப்போதும் இரண்டு புள்ளி கூடத்தான் கிடைத்தது.

'தாரே ஜமீன் பர்' போட்ட கிழமைதான் நிலைமை கைமீறியது. 2007 இல் வந்த அந்தப் படத்தில் அமீர் கான் கோமாளி வேடத்தில் பாடி ஆடிக்கொண்டு வகுப்புக்குள் நுழைவார். பிள்ளைகள் சொக்கிப்போவார்கள். எங்கள் பிரிவில் ஒருவனுக்கு அது மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. கற்பித்தல் பயிற்சிக்கு மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடம் அவனுக்குக் கிடைத்தது. முதல் நாளே காகிதத் தொப்பியும் பாட்டுமாக ஆறாம் வகுப்புக்குள் போயிருக்கிறான்.

படுவான்கரை எப்படிப்பட்ட இடம் என்பதை அவன் யோசித்திருக்கவேண்டும். வடமோடி, தென்மோடி என்று கூத்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள். அரசன் களரிக்கு வருவதென்றால் முதலில் கட்டியகாரன் வந்து அறிவிக்கவேண்டும். பிறகு வரவு, அதற்கொரு தாளக்கட்டு, அதற்கொரு ஆட்டம். வகுப்பு பேசாமல் இருந்து பார்த்ததாம். முடிந்ததும் முன்வாங்குப் பையன் எழும்பி, "சேர், ஆட்டம் பரவாயில்ல. ரெண்டாவது தரம் கிறுகினீங்கதானே, அதில தாளத்த விட்டுட்டீங்க" என்றிருக்கிறான். அண்ணாவியார் ஒருவரின் பேரப்பிள்ளையாம் அவன். மற்றப் பிள்ளைகளும் ஆமோதித்தார்கள். அடுத்த நாளிலிருந்து நம்மவன் வழமையான முறையில், 'பிள்ளைகளே, புத்தகத்தை எடுங்க' என்று சொல்லிக்கொண்டே நுழைந்தான்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926 இலேயே 'மதங்க சூளாமணி' எழுதி, சேக்ஸ்பியரின் நாடகங்களையும் பழைய நாடக இலக்கணத்தையும் ஒரே நூலில் வைத்துப் பேசியவர். அவரும் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்தான். நாடகம் இப்படி அலசப்பட்ட மண்ணில் காகிதத் தொப்பியோடு நுழைவதற்கு அசாத்தியத் துணிவு வேண்டும். உண்மையில் கூத்துப் பழக்கும் முறையும் எங்கள் பயிற்சியும் ஒன்றுதான். அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரம் பார்த்துச் சட்டம் கொடுப்பார், மாதக்கணக்கில் பழக்குவார், சதங்கை அணிவித்து, அடுக்குப் பார்த்து, கடைசியாகத்தான் அரங்கேற்றம். எங்களுக்குச் சதங்கை மட்டும் இல்லை. அரங்கேற்றத்துக்கு மத்தளத்துக்குப் பதிலாக மேற்பார்வைப் படிவத்தோடு ஒருவர் வருவார்.

கதைகளில் என்னை உலுப்பியது சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. கிர்கீசியக் கிராமம் ஒன்றில், தானே அரைகுறையாக எழுத்துக்கூட்டும் தூய்ஷேன் என்ற இளைஞன் குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்கி, பனிக்குளிர் ஓடையில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கடக்கிறான். வாசித்துவிட்டு அன்று இரவு சோறு இறங்கவில்லை. எனக்கும் பிள்ளைகளைச் சுமக்க ஓர் ஓடை வாய்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கட்டுறு பயில்வில் அது வாய்த்தது. மூன்றாம் வருடம் நானும் பாதையில் வாவியைக் கடந்து படிப்பிக்கப் போகிறவளானேன். (இங்கே பாதை என்றால் நடக்கும் வழி அல்ல, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போவது.) மார்கழி மழையில் பள்ளிக்கூட வழி முழங்காலளவு வெள்ளம். நான் தூய்ஷேனை நினைத்துக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகினேன். எதிரே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் கம்போடு வந்தார்கள். ஒருத்தன் என் கைப்பையை வாங்கினான், ஒருத்தி பாடக்குறிப்புக் கோப்பைத் தலையில் வைத்தாள், இன்னொருத்தன் கம்பால் ஆழம் பார்த்துக்கொண்டு முன்னே போனான். "ரீச்சர், நான் கால் வச்ச இடத்தில மட்டும் வைங்க. அங்கால போனா வாய்க்கால்." தூய்ஷேன் அப்படியொரு சொல்லைக் கேட்டிருக்கமாட்டான். அடுத்த நாளும் அவர்கள் கம்போடு நின்றார்கள். என்னை அக்கரை சேர்ப்பது அவர்கள் நேரசூசியில் ஒரு பாடமாகிவிட்டது.

இனி ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதி. 1997 இல் வந்த அவருடைய 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' படத்தைக் கல்லூரியில் பார்த்தபோது கைக்குட்டை போதவில்லை. தங்கையின் சப்பாத்தைத் தொலைத்த அண்ணன், ஒரே சோடியை மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடும் அண்ணனும் தங்கையும், மூன்றாம் பரிசு சப்பாத்து என்பதால் ஓட்டப் போட்டியில் மூன்றாவதாக வரத் திட்டம் போட்டு முதலாவதாக வந்து அழும் பையன். வறுமை, உடன்பிறப்புப் பாசம், விழுமியம் என்று குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக எழுதினேன். இதைக் காட்டாமல் எதைக் காட்டுவது என்று மடிக்கணினியைக் காவிக்கொண்டு ஏழாம் வகுப்புக்குப் போனேன். படம் 89 நிமிடம். 40 நிமிடப் பாடவேளை இரண்டைச் சேர்த்தாலும் ஒன்பது நிமிடம் இடித்தது. அதைக் கணிதபாட ரீச்சரிடம் கடனாக வாங்கினேன். அவ அதை வட்டியோடு திருப்பி எடுத்தது வேறு கதை.

படம் முடிந்தது. நான் மூக்கைத் துடைத்தேன். வகுப்பில் ஒரு கண்ணும் நனையவில்லை.

"அவங்கட நாட்டில சப்பாத்து வவுச்சர் குடுக்கிறல்லையா ரீச்சர்?" இது முதல் கேள்வி. கஷ்டப் பிரதேசப் பள்ளிக்கூடங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் வவுச்சரைக் கொண்டு தானும் தம்பியும் சப்பாத்து வாங்கிய கடையின் பெயரையும், அளவு சிறிதாகிப்போனதையும் அந்தப் பிள்ளை விபரமாகச் சொன்னது. "வெறுங்காலோட போனா என்னவாம்?" என்றது இன்னொன்று. பின்வாங்கில் இருந்தவன்தான் அடியோடு சாய்த்தான். "ஏன் ரீச்சர் அழுறான்? மூண்டாவதா வந்தவனிட்டப் போய், இந்தா என்ட பரிச எடு, சப்பாத்தத் தா எண்டு கேட்டிருக்கலாந்தானே?"

நான் வாயைத் திறந்தேன், மூடினேன். கேட்டிருக்கலாம்தான். உலகமே பார்த்து அழுத படத்தின் முடிவை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு பண்டமாற்றில் தீர்த்துவிட்டான். அண்ணன் மீன் தொட்டியில் கால் வைத்தால் மீன் கடிக்குமா, அது என்ன மீன், கறிக்கு ஆகுமா என்று மீதி நேரம் போனது. இந்தப் பிள்ளைகள் கதை கேட்பது நம்மோடு சேர்ந்து அழுவதற்கு அல்ல. கதையில் எங்கே ஓட்டை என்று பார்த்து அடைப்பதற்கு. வலை பொத்துகிற வீட்டுப் பிள்ளைகளிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

ஆகவே மேற்பார்வைக்கு விரிவுரையாளர் வரும் நாளுக்கு ஓட்டை இல்லாத கதையாகத் தேடினேன். மூதூர் வ.அ. இராசரத்தினத்தின் 'தோணி' அகப்பட்டது. 1962 இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற தொகுதியின் தலைப்புக் கதை. எழுதியவரும் ஆசிரியர். சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவப் பையனின் கதை என்பதால் வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு உருகும் என்று நம்பினேன். ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று ஐந்து படியும் நிமிடக் கணக்கோடு எழுதி வைத்தேன்.

கதையை வாசித்து முடித்து, அந்தப் பையனின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். பின்வாங்குக்காரன் எழும்பினான். "தோணி மரமா பைபரா ரீச்சர்? மரமெண்டா பழசாப் பாத்து எடுக்கலாம்." நான் பேச்சை மனநிலைக்குத் திருப்பமுன், பின்னால் கதிரையில் படிவத்தோடு இருந்த விரிவுரையாளர் நிமிர்ந்தார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான்.

"பழசு இப்ப என்ன விலை போகுது மனே?"

அவ்வளவுதான். எஞ்சின் பூட்டினால் என்ன விலை, பூட்டாவிட்டால் என்ன, வாவிக்கு எது தோது, கடலுக்கு எது தோது என்று வகுப்பு முழுவதும் அவரைச் சூழ்ந்துகொண்டது. பிள்ளையை மையப்படுத்திய கற்றலை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கண்டறிதலில் நின்ற பாடம் அங்கேயே நிற்க, மணி அடித்தது. பின்வாங்குக்காரனின் மாமாவிடம் விற்பனைக்கு ஒரு தோணி நின்றதாம். அவருடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டுதான் விரிவுரையாளர் புறப்பட்டார்.

படிவத்தில் இப்படி இருந்தது: கதைத் தேர்வு நன்று. நேர முகாமைத்துவத்தில் கூடிய கவனம் செலுத்தவும்.