யானைக்கு மேளம், மணிக்கு ரசீது

தசராவுக்கு ஒரு மாதத்துக்கும் முன்பே மைசூருவுக்கு யானைப் பயணம் தொடங்கிவிடும். ஹுன்சூர் பக்கம் வீரனஹொசஹள்ளியில் பூஜை, மங்கல வாத்தியம், மந்திரி கையால் பூத்தூவல், அப்புறம் லாரி. பாகன்களின் குடும்பமும் கூடவே வந்து அரண்மனை வளாகத்தில் தங்கும். வந்ததும் எடை பார்ப்பார்கள். 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்த அபிமன்யு ஐந்து டன்னுக்கு மேல்.

எங்கள் நாய் மணி பன்னிரண்டு கிலோ. அவனைச் சென்னையில் மாமியார் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். இங்கிருந்து அங்கே போகும் வந்தே பாரத், சதாப்தி இரண்டும் உட்கார்ந்து போகிற வண்டிகள். நாய்க்கு அனுமதி இல்லை. ராத்திரி வண்டியில் ஏசி முதல் வகுப்புக் கூப்பே முழுசும் நம் பெயரில் கிடைத்தால் கூடவே வரலாம். கிடைக்காவிட்டால் கார்டு பெட்டிக் கூண்டு. எப்படிப் போனாலும் கால்நடை மருத்துவர் சான்றிதழும் ரேபிஸ் ஊசி அட்டையும் வேண்டும். பார்சல் ஆபீசில் ரசீது போடுவார்கள். மாமியாரின் செல்லப்பேரன் அதில் வெறும் லக்கேஜ்.

சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், மேசைமேல் நின்ற மணி டாக்டரைப் பார்த்ததும் என் அக்குளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டான். "கிளம்பறதுக்கு முன்னாடி வயிறு முட்டப் போடாதீங்க சார்" என்றார் டாக்டர். வீட்டில் மனைவி தயிர்சாதம் பிசைந்து தயாராக இருந்தாள். "பாவம், குழந்தை ராத்திரி பூரா பட்டினியா?" டாக்டர் சொன்னது எடுபடவில்லை.

வழியனுப்ப மந்திரி வரவில்லை. எதிர்வீட்டுப் பூனை மட்டும் மதில்மேல் உட்கார்ந்து, ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தது.