பதினேழு சதவீத ஞானம்

அக்டோபர் பிறந்தால் காவிரி டெல்டாவில் மூன்று காரியம் நடக்கும். மழை வரும். குறுவை நெல் நனையும். டெல்லியிலிருந்து மத்தியக் குழு வரும். மழைகூடச் சில ஆண்டுகளில் ஏமாற்றும். குழு ஏமாற்றுவது அபூர்வம்.

வந்து என்ன செய்யும்? கொள்முதல் நிலையத்தில் காரை விட்டு இறங்கும். முளைவிட்ட நெல்லை உள்ளங்கையில் அள்ளிப் பார்க்கும். பையில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். மழையில் நனைந்த நெல் ஈரமாக இருக்கிறதா என்று கண்டறிய வேண்டாமா? விவசாயிக்கு அது தெரியும். அவர் வீட்டு ஆட்டுக்கும் தெரியும். ஆனால் ஆட்டிடம் ஆய்வகச் சான்றிதழ் இல்லை.

விதி எளிது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மாநிலம் 22 கேட்கும். மத்திய அரசு யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் நெல் முளைத்துவிடும்; கோப்பு நடைமுறை தெரியாத பயிர். 2025 அக்டோபரிலும் இதே கூத்து. குழுக்கள் வந்தன, மாதிரி எடுத்தன. நவம்பரில் டெல்லி கையை விரித்தது. அப்போது மாநிலத்தை ஆண்ட கட்சி கண்டனப் போராட்டம் அறிவித்தது. தார்ப்பாய் அறிவித்திருந்தால் நெல்லுக்காவது ஆகியிருக்கும்.

இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததல்ல. 1960களில் தஞ்சாவூர்ச் சீமைக்கு விளைச்சலைப் பெருக்கும் ‘பேக்கேஜ் திட்டம்’ வந்தது. பின்னாலேயே ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. குறுகிய காலப் பயிர், நல்ல மகசூல். அறுவடைதான் மழைக்காலத்தில் வந்து விழுந்தது. நெல்லை விளைவிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் அதைக் காயவைக்க இடம் சொல்லவில்லை. 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வகம் தொடங்கினார்கள். ஈர நெல்லைக் காப்பாற்றுவது எப்படி என்பது அதன் முக்கியமான ஆராய்ச்சி. 1972-ல் அது நெல் பதன்செய் ஆராய்ச்சி மையம் ஆனது. பிறகு தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்தது.

அப்புறம் நிறுவனம் வளர்ந்தது. பெயரில் இருந்த நெல் போய்ப் பயிர் வந்தது. பயிர் போய் உணவு வந்தது. இன்று அது தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில்முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனம். 2021 சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது. முப்பரிமாண அச்சில் உணவு தயாரித்துக் காட்டினார்கள். சாப்பிட்டது எப்படிச் செரிக்கிறது என்று பார்க்கச் செயற்கை இரைப்பையும் செய்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரைப்பை வரைக்கும் நெல் போய்ச்சேர வேண்டுமே!

விஞ்ஞானிகளைத் திட்டுவது சுலபம். அவர்கள் வேலையைச் செய்தார்கள். ஈர நெல்லை இயந்திரத்தில் உலர்த்துவது ராக்கெட் ரகசியம் அல்ல. விடை எப்போதோ எழுதியாகிவிட்டது. அந்த ஆய்வேடுகள் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. டெல்டாவிலேயே 17 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் ஒரே சரக்கு அதுதான்.

அடுத்த ஆய்வுக்கும் குறைவில்லை. நெல்லின் ஈரத்தைக் கைப்பேசியில் காட்டும் கருவி என்று கல்லூரிக்குக் கல்லூரி செய்முறைத் திட்டம். சாலையோரம் நெல்லைப் பரப்பிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறவரிடம், உங்கள் நெல் ஈரமாக இருக்கிறது என்று கைப்பேசி சொல்லும். நன்றி ஐயா. பேராசிரியரின் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். எத்தனை சிப்பம் நெல் காய்ந்தது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை. நீடித்த வேளாண்மைக்குக் கருத்தரங்கம் நடக்கும், குளிரூட்டிய அரங்கத்தில். காகிதம் நனையாது.

உலர்த்தும் முறை ஒன்று நடைமுறையில் இருக்கத்தான் செய்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறினால் ஈரமானி கண்ணை மூடிக்கொள்ளும் என்பது டெல்டா முழுக்கப் பேசும் பேச்சு. மின்சாரம் வேண்டாம், வெயில் வேண்டாம். எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. அடக்கம்!

உலர்த்தும் இயந்திரம் வாங்கப் பணம் இல்லையாம். குழு வர விமானம் உண்டு. மாதிரி எடுக்க வாகனம் உண்டு. விவசாயிகளைச் சந்திக்கச் சாமியானா உண்டு. நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நிலையங்களில் மட்டும் மூட்டைகள் வெட்டவெளியில் கிடக்கும். பயிரிட்டவர் அவற்றின் பக்கத்திலேயே ராத்திரி படுத்திருப்பார், நாய்க்கும் மழைக்கும் காவல்.

மேட்டூர் அணை திறக்கும் தேதி ஜூன் 12. பருவமழை அக்டோபரில். நடுவே நான்கு மாதம். இரண்டு அரசுகளுக்கும் ஒரே வேலைதான்: கொள்முதல் நிலையம் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பலகை மாட்டுங்கள். இங்கே உலர்த்தும் இயந்திரம் எத்தனை என்று எழுதுங்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். அதைச் சரிபார்க்க டெல்லியிலிருந்து யாரும் வர வேண்டாம்.