தோல்விப் பேரேடு

பேஸ்பால் ஆட்டத்தை நான் நேரில் கண்டதில்லை. காணவேண்டும் என்ற ஆசையும் பெரிதாக இல்லை. ஆனால் அமெரிக்கர்கள் அந்த ஆட்டத்துக்காக எழுதி வைத்திருக்கும் கணக்குகளில் நான் காட்டும் சிரத்தையில் பாதியைப் பக்தி விஷயத்தில் காட்டியிருந்தால், இந்நேரம் ஏதாவது ஒரு மடத்தில் எனக்கு மரியாதையான இடம் கிடைத்திருக்கும் என்பது என் மனைவியின் திடமான அபிப்பிராயம். 1969-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பேஸ்பால் என்சைக்ளோபீடியா' என்னும் மகா கிரந்தத்தின் பழைய பிரதி ஒன்று என் தலைமாட்டில் இருக்கிறது. நாவல் படிக்கும்போது வர்ணனைகளைத் தள்ளிவிட்டுப் படிப்பவன் நான். இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் வெறும் எண்களாகவே உள்ள இந்த நூலில் எனக்கு அந்தச் சிரமம் ஏற்படுவதில்லை.

இந்தக் கணக்குச் சம்பிரதாயத்துக்கு மூலபுருஷர் ஹென்றி சாட்விக் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் 1824-ல் பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவுக்குப் போய், அங்கே கிரிக்கெட் நிருபராக இருந்த அவர்தாம், கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் சாயலில் பேஸ்பாலுக்கும் ஒரு கட்டம் வகுத்துக் கொடுத்தார். ஆனால் கிரிக்கெட்டில் இல்லாத ஒரு நிர்த்தாட்சண்யம் இதில் புகுந்துகொண்டது. கையில் விழுந்த பந்தைக் கோட்டைவிட்ட கனவானின் பெயர் நம் ஸ்கோர் அட்டையில் எங்கும் வராது. மறுநாள் அவர் நிம்மதியாகக் காபி குடிக்கலாம். பேஸ்பாலிலோ தவறுகளுக்கென்றே ஒரு தனிக் கலம் உண்டு. அதில் ஆசாமியின் பெயரும் எண்ணிக்கையும் ஏறி, அவர் பேரப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் காலம் வரையில் அழியாமல் நிற்கும். ஐயாயிரம் எழுதியவரையும் ஐந்து ரூபாய் எழுதியவரையும் ஒரே கையெழுத்தில் காட்டிக்கொடுக்கும் கல்யாண வீட்டு மொய் நோட்டின் பட்சபாதமின்மை இதற்கு உண்டு.

வெற்றி பெற்றவர்களின் பக்கங்களை யார்தான் படிக்கமாட்டார்கள்? என் அபிமானமெல்லாம் 1962-ஆம் ஆண்டு நியூயார்க் மெட்ஸ் அணியின் மீதுதான். 1957-ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் டாட்ஜர்ஸ், ஜயண்ட்ஸ் என்னும் இரு பழம்பெரும் அணிகளும் நியூயார்க்கைக் கைவிட்டுக் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்துவிட, அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காக, மற்ற அணிகள் போனால் போகட்டும் என்று விட்ட ஆட்டக்காரர்களைத் திரட்டி உண்டாக்கப்பட்டது இந்தப் புது அணி. யாங்கீஸ் அணிக்குப் பத்து முறை லீக் பட்டம் வாங்கிக்கொடுத்து, 1960-ல் வயதாகிவிட்டது என்று அனுப்பப்பட்ட கேஸி ஸ்டெங்கல் இதற்கு மானேஜர். முதல் ஒன்பது ஆட்டங்களிலும் மெட்ஸ் தோற்றது. தோற்றதில் விசேஷமில்லை, தோற்று முடித்தபோது, முதலிடத்துக்கு ஒன்பதரை ஆட்டம் பின்தங்கியிருந்தது என்பதுதான் விசேஷம்.

என் மைத்துனர் ஓர் ஆடிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறவர், இந்த வரியை நான் ரசித்துப் படித்துக் காட்டியதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒன்பது ஆட்டம் ஆடினவன் ஒன்பதரை ஆட்டம் எப்படி அத்தான் பின்தங்குவான்? இதில் ஏதோ கைவரிசை இருக்கிறது."

கைவரிசை ஒன்றுமில்லை என்று சாங்கோபாங்கமாக விளக்கினேன். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அதற்குள் பத்து ஆட்டம் ஆடிப் பத்திலும் வென்றிருந்தது. வெற்றியில் வித்தியாசம் பத்து, தோல்வியில் வித்தியாசம் ஒன்பது. கூட்டினால் பத்தொன்பது, பாதியாக்கினால் ஒன்பதரை. மைத்துனர் பேனாவை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்து, கூட்டல் சரி என்பதற்கு அடையாளமாக அவர்கள் தொழிலில் வழக்கமான ஒரு டிக் அடித்தார். "ஆடாத ஆட்டத்திலும் பாதியைத் தோற்க ஒரு சாமர்த்தியம் வேண்டும்" என்று அவர் முணுமுணுத்ததில் கொஞ்சம் மரியாதையும் கலந்திருந்ததாக எனக்குப் பட்டது.

பத்தாவது ஆட்டத்தில் அதே பைரேட்ஸை வீழ்த்தி மெட்ஸ் தன் முதல் வெற்றியைக் கண்டது. ஆயினும் வருஷக் கடைசியில் 40 வெற்றி, 120 தோல்வி, முடிவு காணாத ஓர் ஆட்டம் என்று பேரேடு முடிக்கப்பட்டபோது, முதலிடத்து ஜயண்ட்ஸுக்கு அறுபதரை ஆட்டம் பின்னால் நின்றது. பந்து எறியும் பிட்சர் ஒருவர்மீதே ஒவ்வொரு வெற்றியையும் தோல்வியையும் பற்று எழுதுவது பேஸ்பால் வழக்கம் ஆகையால், இந்த 120-ஐயும் பங்கிட்டாக வேண்டும். ரோஜர் கிரெய்க் 24, அல் ஜாக்சன் 20, ஜே ஹுக் 19, கிரெய்க் ஆண்டர்சன் 17 என்று பாகப்பிரிவினை நடந்தது. இதில் நான் ரோஜர் கிரெய்க்குக்காக வாதாடுவதுண்டு. 24 தோல்வி அடைய வேண்டுமானால், 'இன்றைக்கு இவன் ஜெயித்தாலும் ஜெயிப்பான்' என்று மானேஜர் அத்தனை தடவை நம்பிப் பந்தைக் கொடுக்க வேண்டும். சாமானியனுக்கு அவ்வளவு தோற்கச் சந்தர்ப்பமே கிடைக்காது. அணியில் பாப் மில்லர் என்ற பெயரில் இரண்டு பிட்சர்கள் இருந்தார்கள். அவர்களில் வலக்கையால் எறிபவர் தொடர்ந்து 12 தோல்விகளைச் சேர்த்து, கடைசி நாளுக்கு முதல் நாள் ஒரே ஒரு வெற்றியைப் பெற்றுத் தம் கலத்திலிருந்த பூஜ்யத்தை அழித்துக்கொண்டார்.

அணியின் நாயகர் முதல் பேஸில், அதாவது ஓடுபவர் மிதித்தாக வேண்டிய முதல் நிலையில், நின்ற மார்வ் த்ரோன்பெரி. மார்வின் யூஜீன் த்ரோன்பெரி என்ற முழுப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் மெட் என்றே வரும். பெயர் சூட்டியவர்கள் ஜாதகம் பார்த்துத்தான் சூட்டினார்களோ என்னவோ. முதல் பேஸில் மட்டும் அவர் அந்த வருஷம் செய்த தவறுகள் 17. ஜூன் 17-ஆம் தேதி சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராகப் பந்தை ஓங்கி அடித்து, மூன்றாம் பேஸ் வரையில் மூச்சிரைக்க ஓடி நின்றார். முதல் பேஸை அவர் மிதிக்கவில்லை என்று எதிரணி முறையிட, அம்பயர் கையை உயர்த்தினார். சண்டைக்குப் புறப்பட்ட ஸ்டெங்கலைத் தடுத்து நிறுத்தி, "ஆசாமி இரண்டாம் பேஸையும் மிதிக்கவில்லை" என்று காதோடு சொன்னார்களாம். அரங்கம் முழுவதும் பார்த்த அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. வெறும் ஓர் அவுட்டாகக் கரைந்துவிட்டது. விழுந்து விழுந்து சிரிப்பதற்கு அவர்கள் ஒரு கலம் வைக்கவில்லையே என்பதுதான் எனக்குள்ள ஒரே குறை.

மைத்துனரை முற்றிலும் வசப்படுத்தியது ஹாரி சிட்டியின் விவகாரம். இந்தக் கேட்சரை, 'பிறகு பெயர் குறிப்பிடப்படும் ஓர் ஆட்டக்காரர்' என்ற ஈட்டின்பேரில் மெட்ஸ் ஏப்ரல் மாதம் கிளீவ்லாந்து அணியிடமிருந்து வாங்கியது. 15 ஆட்டங்களில் அவர் ஆடியதைப் பார்த்துவிட்டு, ஜூன் மாதத்தில் அந்த 'ஓர் ஆட்டக்காரராக' சாட்சாத் ஹாரி சிட்டியையே அனுப்பி வைத்துக் கடனைத் தீர்த்தது. தம்மையே விலையாகக் கொடுத்துத் தம்மை வாங்கிய இந்த மனிதரைப் பற்றிலும் வரவிலும் எப்படி எழுதுவது என்று மைத்துனர் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும் வரையில் யோசித்தார்.

கடைசி ஆட்டத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. செப்டம்பர் 30-ஆம் தேதி, எட்டாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் பேஸ்களில் நிற்க, ஜோ பிக்னடானோ அடித்த ஒரே பந்தில் மூவரும் அவுட்டானார்கள். அடித்தவர், ஓடிய சாமி டிரேக், ரிச்சி ஆஷ்பர்ன் ஆகிய மூவரில் ஒருவர்கூடப் பிறகு மேஜர் லீக் எனப்படும் பெரிய லீக்கில் ஆடவில்லை. ஆஷ்பர்ன் அந்த அணியிலேயே .306 சராசரியோடு ஜொலித்தவர். அதற்காக அவருக்குப் பரிசாக அளிக்கப்பட்ட படகு பிற்பாடு மூழ்கிவிட்டது.

2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்று, என் அணியின் கீர்த்திக்குக் குந்தகம் விளைவித்தது. வருத்தத்தோடு உட்கார்ந்திருந்தவனை மைத்துனர்தாம் தேற்றினார். "அத்தான், அவர்கள் ஆடியது 162. 120-ஐ 160-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 75, அவர்களுக்கு 74.7-தான் வருகிறது. விகிதப்படி பார்த்தால் நம்மவர்கள்தாம் மோசம்!" என்றார். 'நம்மவர்கள்' என்ற பிரயோகத்தை நான் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

இப்போது அவர் அடுத்த வருஷத்துக் கணக்கையும் கேட்கிறார். 1963-ல் 51 வெற்றி, 111 தோல்வி. அதில் ரோஜர் கிரெய்க்கின் பங்கு 22. தாராளமாகத் தரலாம். 1969-ல் இதே மெட்ஸ் 100 ஆட்டங்களில் வென்று, உலகத் தொடர் கோப்பையையும் எடுத்துக்கொண்டதாக ஒரு செய்தி உண்டு; அந்த வருஷத்தில் எனக்கு அவ்வளவாகச் சுவாரஸ்யம் இல்லை.