பொருள்: மாஸ்டருக்கும் ஒரு தேர்வு வைக்க வேண்டி

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம், புது தில்லி.

பார்வை: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 24.

மதிப்பிற்குரிய அய்யா,

எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூல் ஒன்றில் கார் ஓட்டப் பழகிவருகிறேன். எங்கள் மாஸ்டரின் பெருமையைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனு.

கற்றுக்கொடுப்பவர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். ஐந்து வருடம் வண்டி ஓட்டியிருக்க வேண்டும். மோட்டார் மெக்கானிக் படிப்புக்குச் சான்றிதழ் வேண்டும். வண்டியின் பாகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கத் தெரிய வேண்டும் என்கிறது தங்கள் விதி. எங்கள் மாஸ்டரிடம் கிளட்ச் என்றால் என்ன என்று கேட்டேன். "மிதின்னா மிதிங்க, விடுன்னா விடுங்க மேடம்" என்றார். இன்ஜினியரிங் கல்லூரியில் இதற்கு ஒரு செமஸ்டர் எடுத்துக்கொள்கிறார்களாம்.

பள்ளியில் என்னென்ன சாமான் இருக்க வேண்டும் என்பதையும் விட்டுவைக்கவில்லை நீங்கள். கரும்பலகை, போக்குவரத்துச் சின்னங்களின் படம், கியர் பாக்ஸ், பிரேக் ஷூ, பஞ்சர் ஒட்டும் சாமான், ஜாக்கி, ஸ்பேனர், முதலுதவிப் பெட்டி, பெஞ்சு. சம்பந்தி வீட்டுச் சீர்வரிசைப் பட்டியல்கூட இவ்வளவு கறாராக இருக்காது. எல்லாம் இருக்கின்றன அய்யா, குறை சொல்ல மாட்டேன். கியர் பாக்ஸ் மேல்தான் மாஸ்டர் டிபன் பாக்ஸை வைக்கிறார்.

இரட்டைக் கட்டுப்பாடு கட்டாயம் என்றீர்களே, அதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சிக்னலில் பச்சை விழுகிறது. என் காலுக்கடியில் கிளட்ச் தானாக இறங்குகிறது, தானாக ஏறுகிறது. மாஸ்டரின் வலது கை ஸ்டியரிங்கில். இடது கையில் செல்போன். யாரிடமோ நிலத் தகராறு பேசிக்கொண்டே என் காரை அவர் ஓட்டுகிறார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் போனைக் கொஞ்சம் விலக்கி, "சூப்பரா ஓட்றீங்க மேடம்" என்கிறார். நம்பிவிட்டேன். இந்த நம்பிக்கையோடுதான் ஊரில் பாதிப் பேர் சொந்தக் காரில் தனியாக ஏறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் 10 மணி நேரமாவது வண்டி ஓட்டியிருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை மணி. எங்கள் காரில் அந்த அரை மணிக்கு மூன்று பேர். ஒருவர் ஓட்ட, இருவர் பின் சீட்டில். பின் சீட்டு நேரமும் கணக்கில் சேரும் போலிருக்கிறது, பயிற்சி முடித்ததற்கான ஃபாரம் 5 சான்றிதழ் எல்லோருக்கும் குறைவில்லாமல் கிடைக்கிறது.

2021 ஜூலை 1 முதல் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்கள் வரலாம் என்றீர்கள். அங்கே தேறியவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஓட்டிக்காட்ட வேண்டாம். பயிற்றுநர் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் யோசித்து இரண்டு வகுப்பு ஏற்றியிருக்கிறீர்கள், அவசரப்படவில்லை.

பிரிட்டனில் மாஸ்டர் ஆவதற்கே மூன்று தேர்வு. கடைசித் தேர்வில் தேர்வாளர் காரிலேயே உட்கார்ந்து, மாஸ்டர் ஒரு மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார். தேறிய பிறகும் விடுவதில்லை. நான்கு வருடப் பதிவுக் காலத்துக்குள் மறுபடி ஒருமுறை சோதிக்கிறார்கள். ஓட்டத் தெரிவது வேறு, ஓட்டச் சொல்லித்தரத் தெரிவது வேறு என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. நம்மிடம் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வியர்த்து நிற்பவர் மாணவர் மட்டும்தான். அவர் ஃபெயிலானால் மாஸ்டருக்கு ஒன்றுமில்லை. மறு தேர்வுக்கு மறுபடி ஃபீஸ்.

ஆகவே, டிரைவிங் ஸ்கூலுக்கு லைசென்ஸ் கொடுக்குமுன் அதிகாரி ஒருவரை அனுப்பி, மாஸ்டர் பாடம் நடத்துவதை அரை மணி நேரம் காரில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பின் சீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருப்போம். கொஞ்சம் நெருக்கி உட்காரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எல் போர்டு