பந்தயத்துக்கு மட்டும்

கலிபோர்னியாவில் சில புகைக்குழாய்களின் பெட்டியில் 'பந்தயத்துக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கும். வாங்குபவரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, அதைப் பால் வாங்கப் போகும் மஸ்டாங் காரில் மாட்டிக்கொள்வார்.

சட்டம் ஒன்றும் கஞ்சத்தனமானதல்ல. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயையும் மஃப்ளரையும் மாற்றிக்கொள்ளலாம். சத்தம் 95 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால் போதும். கன்வெர்ட்டரில் கைவைத்தால்தான் வம்பு. மாற்றுப் பாகத்துக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் விலக்கு எண் வேண்டும்.

நம்மவரோ கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயைச் செருகுவார். அதற்கு அடுத்திருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கோள் சொல்ல, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டுவாரா? விளக்கை அணைக்க மென்பொருளைத் திருத்துவார். 2021 ஜூலை முதல் புகைச் சோதனையில் அந்த மென்பொருளையும் பார்க்கிறார்கள்.

ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சோதனைக்காக, மாமியார் வரும் அன்று மட்டும் பரணிலிருந்து இறங்கும், அவர் தந்த சீதனக் குத்துவிளக்கு போல, பழைய கன்வெர்ட்டர் தன் இடத்துக்கு வந்து சேரும். பழைய மென்பொருளும் கூடவே வரும். சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டுக்கும் விடுமுறை.

இத்தனை பாடுபட்டுச் சேர்த்த குதிரைசக்தி என்ன ஆகிறது? லாஸ் ஏஞ்சலஸின் 405 நெடுஞ்சாலையில், மாலை ஐந்து மணிக்கு, ஒரு பிரியஸ் காரின் பின்னால் நிற்கிறது. வேகம் மணிக்குப் பத்து மைல். சத்தத்தில் மட்டும் நூற்றெழுபது மைல்.