யூமாவில் எங்கே கொட்டுவது?

யூமா ஊருக்குள் நுழையும்போது எங்கள் வண்டியின் கருப்புத் தொட்டி முக்கால்வாசி நிரம்பியிருப்பதாகச் சுவரில் இருந்த குட்டி விளக்கு சொன்னது. ஃபீனிக்ஸில் வண்டியை வாடகைக்கு எடுத்தபோது, தொட்டி காலியாக இருக்கையிலேயே, அது அப்படித்தான் சொன்னது. ஆர்வி வண்டிகளில் இது சகஜமாம். உள்சுவரில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிக்கொண்டால் போதும், ஆயுசுக்கும் முக்கால் என்றே சாதிக்கும்.

"மாப்ள, விளக்கை நம்பாதீங்க. மூணு நாள், ஆறு பேரு. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க" என்றான் மச்சான்.

கணக்குப் போட்டேன். முக்காலைத் தாண்டியது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டையே சக்கரத்தில் ஏற்றிய இந்த வண்டியில் இரண்டு கழிவுத் தொட்டிகள் உண்டு. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போவது சாம்பல் தொட்டி. மிச்சம் போவது கருப்புத் தொட்டி. நிரம்பினால் டம்ப் ஸ்டேஷன் என்று ஓர் இடத்தைத் தேடிப் போய், மூன்று அங்குலக் குழாயை மாட்டி, பிடியை இழுத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அமெரிக்க சுதந்திரத்தின் சின்னமாக விளம்பரங்களில் காட்டப்படும் வண்டி இது. இந்தக் குழாயை மட்டும் எந்த விளம்பரத்திலும் காட்ட மாட்டார்கள்.

டம்ப் ஸ்டேஷன் தேடி அலைந்த நேரத்தில், ஓட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்த நான் அந்த ஊரின் சரித்திரத்தைப் படித்தேன். அரிசோனாவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது யூமா. கொலராடோ ஆற்றைத் தாண்டினால் கலிபோர்னியா, சில மைல் போனால் மெக்சிகோ. ஐந்நூறு வருஷமாக இந்த ஊருக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் எங்கள் பிரச்சினைதான் இருந்திருக்கிறது: கொண்டு வந்ததை எங்கே, யார் வாசலில் இறக்குவது?

முதலில் வந்தவர் எர்னாண்டோ தெ அலர்கோன் என்கிற ஸ்பானியக் கப்பல் தலைவர். வருஷம் 1540. நிலம் வழியாகத் தங்க நகரங்களைத் தேடிப் போயிருந்த கொரொனாடோவின் படைக்குச் சாமான் கொண்டு வந்தவர். ஆற்றின் எதிரோட்டத்தில் படகு ஏறவில்லை. உடனே கரையில் நின்றவர்களிடம் தான் சூரியனின் பிள்ளை என்று ஒரு போடு போட்டார். அவர்களும் கயிறு கட்டிப் படகை இழுத்துக் கொடுத்தார்கள். ஆனால் இழுத்துக்கொண்டே ஒரு கேள்வியும் கேட்டார்கள். சூரியன் பிள்ளை என்றால் இத்தனை நாள் ஏன் வரவில்லை? அலர்கோன் அசரவில்லை. அப்போது நான் சின்னப் பையன் என்றார். இதை அவரே தன் அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்குச் சுமார் 4,000 மணி நேரம் வெயில் காயும் ஊரில் போய்த் தன்னைச் சூரியன் வீட்டுப் பிள்ளை என்று அறிமுகம் செய்துகொள்ளத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

கொரொனாடோவை அவர் கடைசிவரை சந்திக்கவில்லை. ஒரு மரத்தடியில் கடிதங்களைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவற்றைத் தேடி வந்து தோண்டி எடுத்தவர் மெல்ச்சோர் தியாஸ் என்கிற தளபதி. இவருடைய முடிவைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்து வீட்டம்மாவிடம் திட்டு வாங்கினேன். படையோடு வந்த ஆடுகளை ஒரு நாய் துரத்தியது. தியாஸ் குதிரையில் பாய்ந்து வந்து நாயின் மேல் ஈட்டியை எறிந்தார். ஈட்டி தரையில் குத்திட்டு நின்றது. குதிரையை நிறுத்த முடியவில்லை. ஈட்டியின் பின்முனை அவர் தொடையிடுக்கில் ஏறி மூத்திரப்பையைக் கிழித்துவிட்டது. சில வாரம் கிடந்து செத்தார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது. ஆக, இந்தப் பக்கம் வந்த ஐரோப்பியர்களில் ஆரம்பத்திலேயே உயிரை விட்ட ஒருவர், கழிவுத் தொட்டி ஓட்டையாகித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

பிறகு பாதிரிமார்கள், குடியேறிகள், அவர்களோடு மாடுகள். மாடுகள், அந்த ஆற்றங்கரையின் பூர்வகுடிகளான க்வெச்சான் மக்களின் பயிரில் இறங்கின. க்வெச்சான்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு 1781இல் மொத்தக் குடியேற்றத்தையும் ஒழித்துக்கட்டினார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஸ்பெயின் அந்த வழியைத் திறக்கவே இல்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மாட்டைக் கட்டி வைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

1849இல் கலிபோர்னியாவில் தங்கம் என்று கேள்விப்பட்டு உலகமே ஓடியது. ஓடியவர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்த இடத்தில்தான் ஆற்றைக் கடந்தார்கள். அதனால் தங்கம் தோண்டியவனைவிடப் படகோட்டி அதிகம் சம்பாதித்தான். இதை மோப்பம் பிடித்து வந்தது கிளாண்டன் கோஷ்டி. மனிதத் தலைத்தோலை உரித்துக் கொடுத்து மெக்சிகோ மாநில அரசிடம் கூலி வாங்கிப் பிழைத்த கும்பல் அது. படகுத் துறையைப் பிடுங்கிக்கொண்டார்கள், போட்டிக்கு க்வெச்சான்கள் நடத்திய படகையும் உடைத்தார்கள். 1850 ஏப்ரலில் க்வெச்சான்கள் வந்து கணக்கை முடித்தார்கள். கிளாண்டன் போனதற்கு அழ ஆளில்லை. ஆனாலும் கலிபோர்னியா பழிவாங்கப் படை திரட்டி அனுப்பியது. படை சாதித்தது அநேகமாக ஒன்றுமில்லை. பில் மட்டும் 1,13,000 டாலர். இன்னும் மாநிலம் என்ற பட்டமே வாங்காத கலிபோர்னியாவின் கஜானா, தலைத்தோல் திருடர்களின் கௌரவத்துக்காகக் கிட்டத்தட்ட திவாலாகியிருக்கிறது.

ஊர் பிறந்த கதை இதைவிட லட்சணம். 1854இல் சார்லஸ் போஸ்டன் என்பவர் சுரங்கம் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் நின்றார். அக்கரைக்குக் கொண்டுபோகப் படகோட்டி 25 டாலர் கேட்டாராம். கையில் காசில்லை. போஸ்டன் தன் ஆட்களை ஏவினார். சங்கிலி பிடித்து அளந்தார்கள், முளை அடித்தார்கள், தெரு போட்டார்கள். எட்டிப் பார்த்த படகோட்டியிடம், இங்கே மாபெரும் நகரம் வரப்போகிறது, உனக்கும் மனை தருகிறேன் என்றார். மனையே படகுக் கூலி ஆயிற்று. இது போஸ்டனே பின்னாளில் சொல்லித் திரிந்த கதை. அவர் நாக்கில் சர்க்கரை தடவிப் பேசுகிற ஆசாமிதான். ஆனால் ஊர் வந்தது உண்மை. ரியல் எஸ்டேட்காரர்கள் இந்த மனிதருக்கு மாலை போடாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்.

வெயிலைப் பற்றி மார்க் ட்வெய்ன் 1872இல் அச்சில் ஏற்றிய பழைய வேடிக்கைக் கதை ஒன்று உண்டு. யூமா கோட்டையில் இருந்த சிப்பாய் ஒருவன் செத்து நேரே நரகத்துக்குப் போனான். மறுநாளே அங்கிருந்து தந்தி வந்தது, கம்பளியை அனுப்புங்கள் என்று. ஜூலையில் அங்கே சராசரிப் பகல் வெப்பம் 42 டிகிரியை ஒட்டி இருக்கும். நாங்கள் போனது பிப்ரவரி, ஆகையால் தப்பித்தோம். மூடிய தொட்டி, நாலு நாள், ஜூலை வெயில். அந்தக் கதையை மார்க் ட்வெய்னாலும் எழுத முடியாது.

1876இல் அங்கே ஒரு சிறை கட்டினார்கள். கட்டியவர்களே கைதிகள்தான். முதல் ஏழு பேரை, அவர்கள் கையாலேயே எழுப்பிய அறைகளில் போட்டுப் பூட்டினார்கள். 33 வருஷத்தில் 3,069 பேர் உள்ளே இருந்தார்கள், அதில் 29 பெண்கள். ராத்திரியில் வாளிதான் கழிப்பறை. ஆனால் உள்ளே மின்விளக்கும் நூலகமும் இருந்தன. அப்போது ஊர்க்காரர்கள் பல பேருக்கு அந்த வசதி கிடையாது. கொலராடோ கரை கிளப் என்று வயிற்றெரிச்சலோடு அழைத்தார்களாம். 1909இல் சிறையை மூடியதும், கட்டடம் வீணாகப் போகிறதே என்று 1910 முதல் 1914 வரை உயர்நிலைப் பள்ளியை அங்கே நடத்தினார்கள். பள்ளியின் விளையாட்டு அணிக்கு இன்றைக்கும் 'கிரிமினல்ஸ்' என்றுதான் பெயர். கேலியாக வந்த பெயரைப் பெருமையோடு வைத்துக்கொண்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் என்னவென்று சொல்லி அறிமுகம் செய்துகொள்வார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் யூமா ஒரு பிரமாதமான காரியம் செய்தது. பாசனக் கால்வாய் கலிபோர்னியா கரையில் வருகிறது, வயலோ இந்தக் கரையில். நடுவில் ஆறு. என்ன செய்தார்கள்? 1912இல் ஆற்றுக்கு அடியில் 14 அடி விட்டத்தில் சுரங்கக் குழாய் போட்டு, ஆற்றின் கீழேயே ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் இறங்கி, அடியில் படுத்து, மறு பக்கம் எழும்புகிறது. இந்த வடிவத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றினால், ஆமாம், உங்கள் வீட்டுக் கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே இருக்கும் வளைவேதான். அந்த ஒரு வளைவின் தயவில் பாலைவனம் கீரை மேடையாயிற்று. குளிர்காலத்தில் அமெரிக்கா தின்னும் லெட்யூஸ் கீரையில் பெரும்பகுதி இந்தச் சுற்றுவட்டாரத்தில் விளைகிறது.

அதனால்தான் இங்கே கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. பாலைவனம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று வாய்க்கால் பக்கம் ஒதுங்க நினைப்பவர்கள் 2018ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். யூமா வட்டாரத்து ரோமெய்ன் கீரையைத் தின்று 36 மாநிலங்களில் 210 பேர் படுத்தார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். அதே ஈ.கோலை கிருமி ஒரு பாசன வாய்க்கால் தண்ணீரிலும் கிடைத்தது. ஆர்விக்காரர்கள் மேல் யாரும் பழி போடவில்லை. பக்கத்து மாட்டுப் பட்டிமேல்தான் சந்தேகம். மறுபடியும் மாடு.

இனி வருவதுதான் இந்த ஊரின் தலைசிறந்த கொட்டல். 1944 ஒப்பந்தப்படி அமெரிக்கா வருஷத்துக்கு 15 லட்சம் ஏக்கர் அடி தண்ணீரை மெக்சிகோவுக்கு விட வேண்டும். நம் கணக்கில் சுமார் 65 டி.எம்.சி. 1961இல் யூமாவுக்குக் கிழக்கே இருந்த விவசாயிகளின் நிலத்தடியில் தேங்கிய உப்பு நீரை இறைத்து ஆற்றில் விட்டார்கள். அது நேரே மெக்சிகாலி வயலுக்குப் போய்ப் பயிரைக் கருக்கியது. மெக்சிகோ கத்தியது. அமெரிக்க வாதம் என்ன தெரியுமா? ஒப்பந்தத்தில் தண்ணீரின் அளவுதான் இருக்கிறது, ருசி பற்றி ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய பாலைத் திரிந்த பிறகு திருப்பிக் கொடுத்து, அளவு சரியா பார்த்துக்கோ என்கிற கதை.

பன்னிரண்டு வருஷம் இழுத்து, 1973இல் வழிக்கு வந்தார்கள். உப்பை நீக்க யூமாவில் ஆலை கட்டுவது என்று முடிவு. சுமார் 25 கோடி டாலர் செலவில் 1992இல் ஆலை தயார். மறு வருஷமே ஹீலா ஆற்றில் வெள்ளம் வந்து வாய்க்காலை உடைக்க, ஆலை நின்றது. அதன் பிறகு 2007இல் கொஞ்ச நாள், 2010, 2011இல் கொஞ்ச நாள் சோதனைக்கு ஓட்டினார்கள். முழு மூச்சில் ஒரு நாளும் ஓடியதில்லை.

அப்படியானால் உப்பு நீர்? அதற்குத் தற்காலிகமாக என்று ஒரு வடிகால் வெட்டி எல்லையைத் தாண்டி மெக்சிகோ பாலைவனத்தில் விட்டிருந்தார்கள். 1977 முதல் அங்கே போய்க் கொட்டியது. யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் நாணலும் கோரையும் எழும்பி, சியனேகா தெ சாந்தா க்ளாரா என்கிற பெரிய சதுப்பு நிலம் உண்டாகிவிட்டது. அழிந்துகொண்டிருந்த யூமா ரெயில் என்ற நாணல் பறவை அங்கேதான் இப்போது ஏராளமாக வாழ்கிறது. பெயரில் யூமா, குடியிருப்பது மெக்சிகோ, கடவுச்சீட்டு கிடையாது. ஆலையை முழுவதும் ஓட்டினால் சதுப்பு காய்ந்துவிடும் என்று இப்போது இரண்டு நாட்டுச் சூழலியலாளர்களும் கவலைப்படுகிறார்கள். 25 கோடி டாலர் ஆலையால் முடியாததை ஒரு சாக்கடை செய்திருக்கிறது என்றால் பொறியாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

"மாப்ள, கிடைச்சிருச்சு!" என்று மச்சான் கத்தினான்.

ஊர் ஓரத்து ஆர்வி பூங்கா ஒன்றின் பின்பக்கம். வெளியாட்களுக்கு 20 டாலர். எங்களுக்கு முன்னால் ஏழு வண்டி. குளிர்காலத்தில் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து இறங்கும் ஓய்வூதியக்காரர்களைப் பனிப்பறவைகள் என்கிறார்கள். அவர்கள் வந்தால் ஊரின் ஜனத்தொகை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். காலையில் எல்லை தாண்டி லோஸ் அல்கோடோனெஸ் போய் மலிவு விலையில் பல் கட்டிக்கொண்டு, சாயங்காலம் வந்து இங்கே வரிசையில் நிற்பார்கள். மெக்சிகோவுக்கு உப்பு நீர் போகிறது, பதிலுக்குப் புதுப் பல் வருகிறது.

எனக்கு முன்னால் நின்ற எழுபது வயது கனடாக்காரர் என் கையைப் பார்த்தார். கையுறை இல்லை. ஒன்றும் பேசாமல் தன் டப்பாவிலிருந்து ஒரு ஜோடி எடுத்து நீட்டினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பூங்காக்களில் குழாயை மாட்டியபோது கருப்புத் தொட்டியின் பிடியைத் திறந்தே வைத்திருந்தீர்களா?

ஆமாம் என்றேன். தானாகப் போய்க்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

அவர் கண்ணை மூடித் திறந்தார். திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடிவிடும், மற்றது நேர் கீழே கூம்பாக உட்கார்ந்து காய்ந்துவிடும் என்று விளக்கினார். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பிரமிடு. எகிப்தியர்கள் ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துக் கட்டியதை நாங்கள் ஆறே பேர் மூன்று நாளில் கட்டியிருக்கிறோம்.

தண்ணீரை நிரப்பி, வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டி, மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்னால் நின்ற பதினோரு வண்டிக்காரர்களும் ஹாரன் அடிக்கவில்லை. எல்லாரும் ஒரு காலத்தில் பிரமிடு கட்டியவர்கள்தான்.

யூமா பக்கம் ஆர்வியில் போகிறவர்கள் கவனத்துக்கு: பிடியை எப்போதும் மூடியே வையுங்கள், தொட்டி முக்கால் நிரம்பிய பிறகு திறங்கள். கருப்பு முதலில், சாம்பல் அப்புறம். சாம்பல் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். நாலு மாதம் தங்குவதாக இருந்தால் ஊருக்கு வடக்கே இம்பீரியல் அணை அருகே மத்திய அரசின் நெடுநாள் முகாம் நிலம் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு உண்டு, கொட்டும் இடமும் அங்கேயே உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் போகாதீர்கள். கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பின்னால் நிற்கும் புதுசுக்குக் கொடுக்க.